தகட்டில் உறங்கும் குரல்கள்

நம்மவர் இல்லங்களில் பீரோவின் மேல்தட்டையோ, தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழுள்ள இழுப்பறையையோ திறந்து பார்த்தால், இன்றும் ஒரு கட்டு வி.சி.டி., டி.வி.டி. தகடுகள் கிடப்பதைக் காணலாம். மகளின் நிக்காஹ், பேரனின் சுன்னத் வைபவம், மதரஸா ஆண்டு விழா, ரமளான் இரவுகளில் நடந்த தொடர் பயான், ஹஜ்ஜுக்குப் புறப்படுவோருக்கான விளக்கவுரை, எகிப்து நாட்டுக் காரிகளின் கிராஅத் எனப் பலவும் அக்கட்டில் இருக்கும். 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நம் சமுதாயத்தின் சொல்லும் ஓதலும் இத்தகடுகளின் மேல்தான் பதிந்தன. துபையிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் விடுமுறையில் வந்தவர்களின் பெட்டிகளில் தகடு இயக்கும் கருவி இல்லாமல் இருந்ததில்லை. அக்கருவிகளில் பெரும்பாலானவை இன்று பழுதுற்றுப் பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. புதிதாக வாங்கும் மடிக்கணினியிலோ தகடு செருகும் வாயே இருப்பதில்லை. தகடு இருக்கிறது, அதைப் பேசவைக்கும் கருவி இல்லை. இதுவே பல வீடுகளின் நிலை.

இத்தகடுகளை மீட்க வேண்டும் என்று எண்ணுவோர் முதலில் படத்தைத்தான் நினைக்கின்றனர். நான் அதற்கு முன்னதாக ஒலியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு மணி நேரப் பயான் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு முன் ஓர் ஆலிம் பெருந்தகை அமர்ந்திருக்கிறார். பின்னால் ஒரு திரை. முன்னால் ஒரு தண்ணீர்க் குவளை. அந்த ஒரு மணி நேரமும் கண்ணுக்குக் கிடைப்பது இவ்வளவே. செவிக்குக் கிடைப்பதோ ஏராளம். கண்புரை வந்து படம் மங்கிப்போன நன்னிமாருக்கும், அடுப்படியில் கை ஓயாத உம்மாமாருக்கும், நாளுக்கு இரண்டு மணி நேரம் பேருந்தில் கழிக்கும் இளைஞருக்கும் திரை எதற்கு? ஒரு சிறு ஒலிப்பெட்டியோ கைப்பேசியோ போதும்.

கேட்டுக் கற்பது நமக்குப் புதிதன்று. மறை முதலில் ஓதிக் காட்டப்பட்டது. செவிவழியே நெஞ்சில் பதிந்தது. அண்மைக் காலத்தை எடுத்துக்கொண்டாலும், 1970களிலும் 80களிலும் வளைகுடா சென்ற நம் ஆடவர் கடிதத்தோடு கேசட்டிலும் பேசி அனுப்பினர். வெளிநாட்டுத் தொலைபேசி எட்டாக் கனியாக இருந்த நாட்கள் அவை. தெருப் பெண்கள் கூடி அமர்ந்து கேட்பதற்கென ஒரு பக்கமும், மனைவி தனித்துக் கேட்பதற்கென மறுபக்கமும் பேசி அனுப்பியவர்கள் உண்டு. நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரல் வீடுதோறும் ஒலித்ததும் அக்கேசட்டுகளால்தான். பிறகு வி.சி.டி. வந்தது, செவியால் கேட்டிருந்த சமுதாயம் அதே பயான்களைத் திரைமுன் அமர்ந்து பார்க்கத் தொடங்கியது. அத்தகடுகளிலிருந்து மீண்டும் ஒலியைப் பிரிப்பது, ஒரு வகையில் பழைய வழக்கத்துக்குத் திரும்புவதேயாகும்.

தகட்டுக்குள் இருப்பது என்ன?

செய்முறைக்குப் போகுமுன், தகட்டில் படமும் ஒலியும் எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. அறிந்தவர் கடைக்காரரிடம் ஏமாறமாட்டார்.

வி.சி.டி.க்கான தர விதிகள் 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜே.வி.சி. ஆகிய நிறுவனங்கள் அவற்றை வகுத்தன. இசைக்கென 1982இல் விற்பனைக்கு வந்த அதே 12 சென்டிமீட்டர் குறுந்தகட்டில் 74 நிமிடப் படத்தைச் சுருக்கி அடைத்தனர். அதனால்தான் ஒன்றரை மணி நேரப் பயான் இரண்டு தகடுகளாக வந்தது. படமும் ஒலியும் அதில் தனித்தனி அறைகளில் இல்லை. மல்லிகையும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுத்த சரம்போல, படத்துணுக்கு சில, ஒலித்துணுக்கு ஒன்று, மீண்டும் படத்துணுக்கு சில எனக் கோக்கப்பட்டிருக்கின்றன. சரத்திலிருந்து மல்லிகையை மட்டும் உருவினால் மல்லிகை கசங்குவதில்லை. அதுபோல ஒலியை மட்டும் பிரித்தெடுத்தால் ஒலிக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை.

அளவையும் பாருங்கள். வி.சி.டி.யில் ஒரு வினாடிக்குச் செலவாகும் தகவலில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு படத்துக்குப் போகிறது. ஒரு பங்கே ஒலிக்கு. ஆயினும் ஒலியின் தரம் தாழ்ந்ததன்று. வினாடிக்கு 224 கிலோபிட் என்னும் அளவில், பேச்சுக்கும் ஓதலுக்கும் தாராளமாகப் போதுமான தெளிவுடன் அது பதிந்திருக்கிறது. படம் இன்றைய பெரிய திரையில் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரியும். குரலோ அன்று இருந்தபடியே இருக்கும். பழைய வி.சி.டி.யில் இன்று மிகுந்த மதிப்புடையது ஒலிதான் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

டி.வி.டி. 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. ஒரே அடுக்குள்ள தகடு 4.7 ஜிகாபைட் கொள்ளும். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்கள் இருக்கலாம். எட்டு வரை இடமுண்டு. அரபி ஒரு தடத்திலும் ஆங்கிலம் வேறொரு தடத்திலும் உள்ள தகட்டில், எந்தத் தடத்தை எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும். பாராமல் எடுத்துவிட்டு, தகடு கெட்டுவிட்டது என்று மனம் வருந்துவோர் உளர்.

எடுக்கும் முறை

தகடு செருகும் வாய் இல்லாத கணினிக்கு, யு.எஸ்.பி. வடத்தால் இணைக்கும் டி.வி.டி. இயக்கி தனியாகக் கடைகளில் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கணினியிலிருந்து கழற்றியதும் கிடைக்கும். தெருவுக்கு ஒன்று இருந்தால் பத்து வீடுகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண் செலவு.

தகட்டை நேரே ஓடவிட்டு ஒலியை எடுப்பதைவிட, முதலில் தகட்டிலுள்ளவற்றைக் கணினியின் வன்தட்டில் நகலெடுத்துக்கொண்டு, பிறகு அந்நகலிலிருந்து எடுப்பதே சிறந்தது. நலிந்த தகட்டை ஒருமுறைக்கு மேல் சுழலவிட வேண்டியதில்லை. வி.சி.டி.யைத் திறந்தால் எம்பெக்.ஏ.வி. என்னும் உறை தெரியும், அதற்குள் டி.ஏ.டி. என முடியும் பெரிய கோப்பு இருக்கும். பயான் முழுவதும் அதற்குள்தான். டி.வி.டி.யில் வீடியோ.டி.எஸ். என்னும் உறைக்குள் வி.ஓ.பி. என முடியும் கோப்புகள் வரிசையாக இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட் அளவை எட்டியதும் அடுத்த கோப்பு தொடங்கிவிடும். பேச்சாளர் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றினால் ஹதீஸின் முன்பாதி ஒரு கோப்பிலும் பின்பாதி அடுத்ததிலுமாகத் துண்டாகும். மேக் எம்.கே.வி. போன்ற மென்பொருள், துண்டுகளை ஒரே நீண்ட கோப்பாக எடுத்துத் தரும்.

ஒலியைப் பிரிக்க வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளே பெரும்பாலோர்க்குப் போதும். அதில் மீடியா என்னும் பட்டியலைத் திறந்து, கன்வெர்ட்/சேவ் என்பதைத் தேர்ந்து, நகலெடுத்த கோப்பைச் சேர்க்க வேண்டும். அடுத்த பக்கத்தில் புரொஃபைல் என்னும் இடத்தில் ஆடியோ-எம்.பி.3 என்பதைத் தேர்ந்து, புதிய கோப்புக்குப் பெயரும் இடமும் குறித்துத் தொடக்கினால், ஒரு மணி நேரப் பயான் சில நிமிடங்களில் எம்.பி.3 கோப்பாகிவிடும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருமுறை பார்த்தால் மறுமுறை தானே செய்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எம்.பி.3 ஆக்குவது என்பது உருவுவது மட்டுமன்று. உருக்கி வார்ப்பதும் ஆகும். பழைய நகையைப் பத்தரிடம் கொடுத்து உருக்கிப் புது நகை செய்தால் ஒவ்வொரு முறையும் சேதாரம் போகிறதல்லவா? ஒலியை ஒரு வடிவிலிருந்து மற்றொரு சுருக்க வடிவுக்கு மாற்றும்போதும் அப்படித்தான். ஒருமுறை மாற்றினால் காது அறியாது. அதையே வேறொருவர் மீண்டும் சுருக்கி, இன்னொருவர் மறுபடியும் சுருக்கினால், குரல் தகரத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். எனவே முதற்கட்டமாக, தகட்டில் உள்ள ஒலியை உருக்காமல் அப்படியே உருவி எடுத்து வைத்துக்கொள்வதே நன்று. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருளில், படத்தை விட்டுவிட்டு ஒலியை மாற்றமின்றி நகலெடுக்கும்படி கட்டளையிட முடியும். அது சற்றுப் பழக்கம் வேண்டும் வேலை. கணினி அறிந்த இளைஞர் எவரும் செய்து தருவார். வி.சி.டி.யிலிருந்து இவ்வாறு எடுத்தது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் வரும். அதைப் பெட்டகத்தில் வைத்த பொன்னாகக் கருதி, அன்றாடம் கேட்பதற்கு மட்டும் அதிலிருந்து ஓர் எம்.பி.3 செய்துகொள்ளலாம். டி.வி.டி.யில் பெரிதும் காணப்படும் டால்பி ஒலி எல்லாக் கைப்பேசிகளிலும் ஒலிப்பதில்லை, எம்.பி.3 எங்கும் ஒலிக்கும்.

அந்த எம்.பி.3யின் அளவு என்ன? தனியொருவர் பேசும் பயானுக்கு, ஒற்றைத் தடத்தில் வினாடிக்கு 64 கிலோபிட் போதும். மணிக்கு 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நூறு வி.சி.டி.க்களின் ஒலி ஒரு 8 ஜிகாபைட் மெமரி கார்டில் பாதியைக்கூட நிரப்பாது. கிராஅத்துக்கு இந்தச் சிக்கனம் வேண்டாம். காரியின் மூச்சும், நீட்டலும், பள்ளிவாசலின் எதிரொலியும் கேட்க வேண்டுமாயின் 128க்குக் குறையாமல், இரட்டைத் தடத்திலேயே வைக்க வேண்டும்.

பள்ளிவாசல் பதிவுகளில் மின்விசிறியின் இரைச்சலும் ஒலிபெருக்கியின் ஊமை ரீங்காரமும் கலந்திருக்கும். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில், பேச்சு இல்லாத சில வினாடி இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், அதைப் பதிவு முழுவதிலிருந்தும் குறைத்துத் தரும். ஆசைப்பட்டு அதிகம் குறைத்துவிடாதீர்கள். பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். சிறிது இரைச்சலோடு கூடிய இயல்பான குரலே மேல். துப்புரவு செய்யாத மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தகடு சாகும் விதம்

கடையில் வாங்கிய அச்சுத் தகட்டுக்கும், ஸ்டுடியோவில் எழுதித் தந்த தகட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆலையில் செய்த தகட்டில் தகவல் குழிகளாக அச்சிடப்பட்டிருக்கும். எழுதும் தகட்டில் ஒரு சாயப் பூச்சின் மீது லேசர் கதிர் இட்ட அடையாளங்களே தகவல். சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் வெளிறும். நிக்காஹ் தகடும் மதரஸா விழாத் தகடும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. நம்மிடம் ஒரே பிரதியாக இருப்பவை எவையோ, அவையே விரைவில் கெடும் வகையாகவும் அமைந்துவிட்டன.

குறுந்தகட்டைக் கீழ்ப்புறம் கீறல் விழாமல் காப்பவர்கள், எழுத்து அச்சிட்ட மேற்புறத்தைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் குறுந்தகட்டின் பளபளக்கும் உலோகப்படலம் மேற்புறத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே விழும் கீறல் தகவலையே சுரண்டிவிடும். அதன்மேல் காகிதச் சீட்டு ஒட்டுவதும், கூர்மையான பேனாவால் எழுதுவதும் கேடு. ஒட்டிவிட்ட சீட்டைப் பிய்க்க முயல்வது அதைவிடக் கேடு. சீட்டோடு படலமும் உரிந்து வரும். டி.வி.டி. இரண்டு மெல்லிய தட்டுகளை ஒட்டிச் செய்ததாகையால் தகவல் நடுவே இருக்கும். ஒட்டுப்பசை விட்டால்தான் அதற்கு ஆபத்து. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்றில் எந்த உலோகம்தான் நீண்ட நாள் பொறுக்கும்?

ஓட மறுக்கும் தகட்டை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவலின் தடத்தோடு சேர்ந்து ஓடி, தொடர்ச்சியாகப் பல வினாடிகளைக் கெடுத்துவிடும். பற்பசை பூசித் தேய்க்கும் வைத்தியத்தைப் பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். ஒரே பிரதியாக உள்ள தகட்டில் அதைச் செய்ய வேண்டாம். ஓர் இயக்கியில் ஓடாத தகடு வேறோர் இயக்கியில் ஓடுவது பெரும்பாலும் நடப்பதே. மூன்று இயக்கிகளிலாவது முயன்று பார்த்த பிறகே கைவிட வேண்டும். பயான் தகட்டில் பத்து வினாடி போனாலும் பொருள் விளங்கிவிடும். பாதி கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிக்காஹ் தகடு

எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது நிக்காஹ் தகடு.

நம் ஊர்கள் பலவற்றில் நிக்காஹ் நடக்கும் இடத்தில் மணமகள் இருப்பதில்லை. ஆடவர் பள்ளிவாசலிலோ பந்தலிலோ கூடியிருக்க, அவள் வீட்டின் உள்ளறையில் பெண்கள் சூழ அமர்ந்திருப்பாள். வலீயாக அமர்ந்த வாப்பா, ஹஜ்ரத் எடுத்துக்கொடுக்க, தம் மகளின் பெயரையும் மஹரையும் சொல்லி ஈஜாப் மொழிந்த அந்த அரை நிமிடத்தை அவள் நேரில் கேட்டிருக்கமாட்டாள். வாப்பா மறைந்த பிறகு, அவர் தன் பெயரைத் தழுதழுத்த குரலில் சொல்வதைக் கேட்க அவளுக்கு இருக்கும் ஒரே வழி அந்தத் தகடுதான். புகைப்படங்கள் நூறு இருக்கும். குரல் ஒன்றே இருக்கும்.

ஆனால் பல தகடுகளில் அந்த ஒன்றும் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கலியாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர்கள் அதைத் தொகுக்கும்போது, உண்மையான ஒலியை நீக்கிவிட்டு அந்த ஆண்டின் சினிமாப் பாடல்களை மேலே போட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு பாடல், விருந்துக்கு ஒரு பாடல், முதியவர்கள் முஸாஃபஹா செய்து துஆச் செய்வதற்கும் ஒரு பாடல்! பிரித்தெடுத்துக் கேட்டால் மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் சினிமாப் பாட்டாகவே இருக்கும். நிக்காஹ் குத்பாவும் ஈஜாப் கபூலும் நடந்த பகுதியை மட்டும் பெரும்பாலோர் மரியாதை கருதித் தொடாமல் விட்டிருப்பர். எனவே முழுத் தகட்டின் ஒலியையும் பொறுமையாகக் கேட்டு, இயற்கையான ஒலி உள்ள பகுதிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தனியே நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளிகளில்கூட, உம்மா எவரையோ பெயர் சொல்லி அழைப்பதும், நன்னா சிரிப்பதும் இரண்டொரு வினாடி சிக்கும்.

அதுவும் இல்லையெனில், தகட்டுக்கு மூலமான கேமரா நாடா எங்கேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். தொகுக்காத நாடாவில் முழு ஒலியும் அப்படியே இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்துவது உண்டாகையால் பெரிதாக நம்பிக்கை வைப்பதற்கில்லை. கேட்டுப் பார்ப்பதில் நட்டமுமில்லை. 1980களிலும் 90களிலும் நடந்த நிக்காஹ்களின் வி.எச்.எஸ். நாடாவைப் பின்னாளில் வி.சி.டி.யாக மாற்றிக்கொண்டவர்கள், பழைய நாடாவைத் தூக்கி எறிந்திராவிட்டால், தகட்டில் விடுபட்டது அதில் கிடைக்கக்கூடும்.

ஒலியை மட்டும் எடுப்பதில் நம் குடும்பங்களுக்கு வேறொரு நன்மையும் உண்டு. நிக்காஹ் தகட்டில் வீட்டுப் பெண்களின் முகங்கள் இருக்கும். அன்று உறவினர்களுக்கென்று எடுத்த படத்தை இன்று கைப்பேசியில் ஏற்றிவிட்டால், அது எவர் கைக்குப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனாலேயே அத்தகடுகளை எவரிடமும் கொடுத்து மாற்றத் தயங்கி, பூட்டி வைத்திருக்கும் வீடுகள் பல. வீட்டிலேயே, வீட்டுப் பிள்ளையைக் கொண்டே ஒலியைப் பிரித்து எடுத்தால் இத்தயக்கத்துக்கு இடமில்லை. வெளிக்கடையில் கொடுப்பதானால் உடனிருந்து செய்வித்து, கடைக் கணினியில் நகல் எதுவும் தங்காமல் அழித்த பின்னரே எழுந்து வர வேண்டும்.

எவருடைய உடைமை?

சொந்த வீட்டுத் தகட்டைப் பற்றி வினா எழுவதில்லை. விலைக்கு வாங்கிய பயான், கிராஅத் தகட்டிலிருந்து ஒலியை எடுப்பது ஆகுமா என்பதைச் சிந்திக்க வேண்டும். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பைச் சார்ந்த சர்வதேச ஃபிக்ஹ் பேரவை, 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய அமர்வில், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றில் அவரவருக்கு உரிமையுண்டு என்றும், ஷரீஅத் அவ்வுரிமைகளைப் பாதுகாக்கிறது என்றும், அவற்றின் மீது அத்துமீறுதல் கூடாது என்றும் முடிவு செய்தது. ஒரு நிறுவனம் பணம் செலவிட்டுப் பதிவு செய்த தகட்டின் நூறு நகல்களை விற்பது இந்த முடிவுக்கு முரணாகும் என்பதில் ஐயமில்லை.

நம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்தால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாள்கையை அனுமதிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் இது பொருந்தும். ஒலிப்பதிவும் திரைப்படமும் இதில் அடங்கும். அதே திருத்தம் 65-ஏ என்னும் புதிய பிரிவையும் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தகட்டின் பூட்டை உடைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்கிறது அது. நோக்கத்தைச் சட்டமும் கவனிக்கிறது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வாழும் வாசகர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிய வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய தகட்டின் ஒலியைத் தானும் தன் வீட்டாரும் கேட்பதற்கென எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை என்றே கருதுகிறேன். அதை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது வேறு காரியம். பயானைப் பரப்ப விரும்புவோர் அந்த ஹஜ்ரத்திடமோ, தகட்டை வெளியிட்ட அமைப்பினரிடமோ ஒரு வார்த்தை கேட்டால் என்ன? மார்க்கப் பணியாகச் செய்தவர்கள் பெரும்பாலும் மகிழ்ந்து அனுமதிப்பர். திருட்டுப் பதிப்பாக நடைபாதையில் வாங்கிய தகடு, ஒலியாக மாற்றப்பட்டதால் ஹலாலான பொருளாகிவிடாது.

இதைவிட எனக்கு அச்சம் தருவது ஒன்றுண்டு. ஒலிக்கோப்பை நறுக்குவது இன்று காய் நறுக்குவதைவிட எளிது. ஒன்றரை மணி நேரப் பயானில், ஓர் ஆலிம் பிறருடைய வாதத்தை எடுத்துச் சொல்லிப் பின் மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துச் சொன்ன இரண்டு நிமிடத்தை மட்டும் நறுக்கி அனுப்பினால், அவரே அப்படிச் சொன்னதாக ஆகிவிடும். மௌத்தாகிப் போன ஆலிமாக இருந்தால் மறுத்துச் சொல்லவும் அவர் வரமாட்டார். பொதுப் பயானிலிருந்து எடுக்கும் ஒலியை முழுதாகவே வைத்திருங்கள். துண்டாக்கித் தர வேண்டாம்.

பெயரும் இடமும்

எடுத்த கோப்புக்குக் கணினி தானே ஒரு பெயர் வைக்கும், எல்லா வி.சி.டி.யிலும் அது ஏறக்குறைய ஒரே பெயராகவே இருக்கும். இருபது தகடுகளை எடுத்த பின், எது எவருடைய பயான் என்று அறியாமல் திகைக்க நேரும். ஒவ்வொன்றையும் எடுத்தவுடனேயே பேசியவர் பெயர், பொருள், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். உறையில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் அதையே எழுதுங்கள். கோப்பின் தொடக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் குரலிலேயே, இன்ன நாளில் இன்ன இடத்தில் நடந்தது என்று பேசிப் பதிந்து சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. பெயர் மாறினாலும் அது மாறாது.

கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது வைத்திருப்பதாகாது. தொலைந்தால் எல்லாம் தொலையும். மூலக் கோப்புகளை ஒரு வன்தட்டிலும், மற்றொரு நகலை வேறு ஊரில் வாழும் மகனிடமோ மருமகனிடமோ கொடுத்து வைக்க வேண்டும். நன்னிமாருக்கோ கைப்பேசியே வேண்டாம். மெமரி கார்டும் பென் டிரைவும் செருகக்கூடிய சிறு ஒலிப்பெட்டிகள் கிடைக்கின்றன; அதில் ஐந்தாறு பயானும் ஒரு முழு கிராஅத்தும் ஏற்றி, பெரிய பொத்தானுள்ளதாகப் பார்த்து வாங்கித் தந்தால் போதும். சமையலறை இரைச்சலில் பயானை ஓடவிடலாம். திருமறை ஓதலை அவ்வாறு கேட்பாரின்றி ஓடவிட்டுவிட்டு வம்பளப்பது அதன் ஒழுக்கத்துக்குப் பொருந்தாது. அமர்ந்து கேட்க நேரமில்லாதபோது நிறுத்திவிடுவதே மரியாதை. ஆயத்தின் நடுவே அறுந்துபோகும்படி ஓதலை அழைப்பு மணியாக வைக்கும் வழக்கத்தையும் கைவிடலாம்.

எடுத்து முடித்த தகட்டை என்ன செய்வது என்று கேட்கும் சகோதரிகள் பலர். குர்ஆன் பதிந்த தகடு எழுத்துருவில் இல்லாமையால் முஸ்ஹஃபுக்குரிய சட்டம் அதற்குப் பொருந்தாது என்பது ஆலிம்கள் பலருடைய கருத்து. ஆயினும் கண்ட இடத்தில் எறிய மனம் வராது, எறியவும் வேண்டாம். உள்ளே இருப்பது சரியாக ஒலிக்கிறதா என்று தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளும்வரை எந்தத் தகட்டையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பின்னும், வீட்டுத் தகடுகளை அதனதன் உறையிலிட்டு, படுக்கவைத்து அடுக்காமல் நூல்களைப்போல் நிற்கவைத்து, வெயில் படாத பெட்டியொன்றில் வைத்திருக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று மலைப்போர், ஸ்டுடியோக்காரர் பேனாவால் பெயர் எழுதித் தந்த தகடுகளை முதலில் எடுங்கள். கடையில் வாங்கிய அச்சுத் தகடுகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.